வட்டத்தில் பிறந்த ஆய்வு
தமிழகத்து இயற்பியலாளர் வாழ்க்கையில் சில ஏடுகள்

ஓர் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு மலரில் இயற்பியலாளர்களைப் பற்றிய வரலாற்றுக் கட்டுரைக்கு என்ன இடம் என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். கவிஞர்களும் கதை வல்லாரும் கூடும் அவையில் கண்ணாடிக் குப்பியும் நிறமாலைமானியும் எதற்கு என்று புருவம் உயர்த்துவோரும் இருக்கலாம். அவர்களுக்கு முதலில் நம் மலையையே சான்றாகக் காட்டலாம்.

கொல்லிமலையின் தலைவன் வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்து உயிர்களை ஊடுருவிச் சென்றதாக வன்பரணர் புறநானூற்றின் 152ஆம் பாட்டில் பதிவு செய்துள்ளார். புலவர் அந்த அம்பின் வழியை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறார்; அந்த எண்ணிக்கையில்தான் நம் வியப்பு வளர்கிறது. இயற்பியலாளனும் அதே அம்பைத்தான் பார்க்கிறான். நாணிலிருந்து விடுபட்ட விசை எங்கே குறைந்தது, எங்கே நின்றது, எதனால் நின்றது என்று கேட்கிறான். பார்வை ஒன்று, கேள்விகள் இரண்டு. எண்ணிப் பார்க்கும் கண் இருவருக்கும் பொது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கவிஞனாக வாழ விரும்புகிறவன் பகலில் வேறொரு பணி செய்து, இரவில் எழுதலாம். ஆய்வாளனாக வாழ விரும்புகிறவனுக்குக் கருவி வேண்டும், கூடம் வேண்டும், வழிகாட்ட ஆள் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, வருவாய் தராத நீண்ட ஆண்டுகளைத் தாங்கிக்கொள்ளும் ஒரு வீடு வேண்டும். குண்டனி நாட்டிலோ, வளவந்தி நாட்டிலோ, திருப்புளி நாட்டிலோ பிறந்த ஒரு மாணவன், ‘நான் இயற்பியல் ஆய்வாளன் ஆவேன்’ என்று சொன்னால், அவன் தாய் தந்தையர் முதலில் கேட்கும் கேள்வி ‘எத்தனை ஆண்டு ஆகும்?’ என்பதாகவே இருக்கும். அந்தக் கேள்வி தவறானதன்று. தமிழகத்தில் அந்த வாழ்க்கையைத் தேர்ந்தவர்கள் அக்கேள்விக்கு எவ்வாறு விடை கண்டார்கள் என்று வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பகலில் கணக்கு, இரவில் ஒளி

சந்திரசேகர வேங்கட இராமன் 1888 நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றபோதே, 1906ஆம் ஆண்டில், அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை இலண்டனிலிருந்து வந்த புகழ்பெற்ற இதழொன்றில் வெளியாயிற்று. அப்போது அவருக்கு வயது 18. இன்றைய நாளில் இப்படியொரு மாணவன் இருந்தால் பல்கலைக்கழகங்கள் போட்டியிட்டு அழைக்கும். அன்றோ இந்திய நாட்டில் ஆய்வு என்பது ஒரு தொழிலாகவே இல்லை. மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்லலாம் என்றால், அந்நாட்டுக் குளிரை இவர் உடல் தாங்காது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். ஆகவே 1907இல் நிதித்துறைத் தேர்வெழுதி, கல்கத்தாவில் துணைக் கணக்காயராகப் பணியில் அமர்ந்தார்.

அங்கே பௌபஜார் தெருவில் ‘இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம்’ என்ற பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய கழகம் அது. அரசு கட்டித் தந்த மாளிகையன்று. அறிவியல் இம்மண்ணில் வேர்விட வேண்டும் என்று விரும்பிய மக்கள் தந்த நன்கொடையில் எழுந்தது. சர்க்கார் மறைந்த பின் அதன் கருவிகள் பெரிதும் பயன்பாடின்றிக் கிடந்தன. இராமன் அலுவலகம் செல்லுமுன் காலையிலும், அலுவலகம் முடிந்த பின் இரவிலும் அங்கே ஆய்வு செய்தார். ஆசுதோஷ் தே என்ற பணியாளர் அவருக்குத் துணை நின்றார். இவ்வாறு பத்தாண்டுகள் கழிந்தன.

ஆசுதோஷ் முகர்ஜியின் அழைப்பை ஏற்று, 1917இல் இராமன் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியரானார். நிதித்துறையில் உயர்ந்துகொண்டிருந்த ஊதியத்தைவிடப் பேராசிரியர் ஊதியம் குறைவு. இராமன் குறைந்ததையே ஏற்றார். இத்துறவை நாம் போற்றுகிறோம், போற்றத்தக்கதே. ஆனால் அதற்கு முன்பு பத்தாண்டுகள் அவருக்கு இரவு விளக்கை எரிய விட்டது, கல்கத்தா மக்கள் நன்கொடையால் நிறுவிய ஒரு கழகம் என்பதை மறத்தலாகாது. அந்தக் கதவு திறந்திருக்கவில்லையெனில், அவர் நல்லதொரு கணக்காயராக ஓய்வு பெற்றிருப்பார்.

நண்பகல் உணவு வேளையில் ஓர் அவை

இராமனின் கூடத்துக்கு வந்து சேர்ந்தவர்களுள் நம் நினைவில் நிலையாக நிற்க வேண்டியவர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். 1898 டிசம்பர் 4ஆம் நாள், திருவில்லிப்புத்தூரை அடுத்த வத்திராயிருப்புப் பகுதியில் பிறந்தவர். தந்தையார் உழவுத் தொழிலினர். அத்துடன் தமிழ், வடமொழிச் சமய நூல்களில் தோய்ந்த புலமையாளர். மகனுக்கும் அவ்விரு மொழிகளின் சுவை வாய்த்தது. மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்ற கிருஷ்ணன், பின்னர் கிறித்தவக் கல்லூரியிலேயே வேதியியல் செய்முறைப் பயிற்றுநராகப் பணியேற்றார்.

அங்கே அவர் செய்த ஒரு செயல் நம் வட்டத்தாருக்கு மிக நெருக்கமானது. நண்பகல் உணவு இடைவேளையில் மாணவர்களைக் கூட்டி, இயற்பியலிலும் வேதியியலிலும் கணக்கிலும் அவர்களுக்கு எழுந்த எந்த ஐயத்தையும் கேட்கச் சொல்லி உரையாடினார். பாடத்திட்டம் இல்லை, தேர்வு இல்லை, வருகைப் பதிவேடும் இல்லை. ஆனாலும் மாணவர்கள் திரண்டு வந்தனர். பிற கல்லூரி மாணவர்களும் வந்து அமர்ந்தனர். கேள்வி கேட்பதற்கென்றே ஓர் இடம் இருந்தது என்பதே அதன் ஈர்ப்பு.

1920இல் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டுக் கிருஷ்ணன் கல்கத்தா சென்றார். 1923இல் இராமனின் ஆய்வுத் துணைவரானார். ஐந்தாண்டுகள் கழித்து, 1928 பிப்ரவரியில், அந்தப் பெருநிகழ்ச்சி நிகழ்ந்தது. கருவிகள் எளியவை: கதிரவன் ஒளி, அதைக் குவிக்கத் தொலைநோக்கி வில்லை, தூய்மையாக்கிய நீர்மங்கள் நிறைந்த குப்பிகள், இரண்டு நிற வடிகட்டிகள், ஆய்வாளரின் கண்.

செய்முறையும் சொன்னால் எவர்க்கும் விளங்கும். ஒளியை முதலில் நீல ஊதா வடிகட்டியினூடே செலுத்தினால் மற்ற நிறங்கள் தடுக்கப்படும். அந்த நீல ஊதா ஒளி குப்பியிலுள்ள நீர்மத்தில் பட்டுச் சிதறும். சிதறிய ஒளியைப் பச்சை வடிகட்டி வழியே நோக்கினால், நீல ஊதா அதில் புகாதாகலின், இருளே தெரிய வேண்டும். ஆனால் அங்கே மெல்லிய ஒளித்தடம் தெரிந்தது. உள்ளே சென்ற நிறமன்றி வேறொரு நிறம் வெளியே வந்திருக்கிறது. ஒளி மூலக்கூறுகளிடம் தன் ஆற்றலில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு நிறம் மாறி வருகிறது என்பதே அதன் பொருள். ஏறத்தாழ 60 நீர்மங்களில் இதைக் கண்டதாக இராமனும் கிருஷ்ணனும் இணைந்து எழுதிய மடல் 1928 மார்ச் 31ஆம் நாள் ‘நேச்சர்’ இதழில் வெளியாயிற்று. அதே காலத்தில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஷ்டாம் என்னும் இருவர் படிகக் கல்லில் இதையே கண்டனர். பிப்ரவரி 28 நம் நாட்டில் 1987 முதல் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

1930இல் நோபல் பரிசு இராமனுக்கு மட்டும் வழங்கப்பட்டது. விளைவும் அவர் பெயராலேயே வழங்குகிறது. கிருஷ்ணனின் பெயர் மடலில் உண்டு. பள்ளிப் பாடநூலில் பெரும்பாலும் இல்லை. ஆய்வு வாழ்க்கையை விரும்பும் இளைஞர்கள் இதையும் அறிந்தே அவ்வழியில் இறங்க வேண்டும். இருவர் கண்கள் பார்த்ததற்கு ஒருவர் பெயர் நிலைப்பது அறிவியலில் புதிதன்று. இலக்கியத்திலும் ஏட்டைப் படியெடுத்துக் காத்தவர்களின் பெயர்களை நாம் அறிவதில்லை.

ஆனால் கிருஷ்ணனின் கதை அதனோடு முடிந்துவிடவில்லை. 1928ஆம் ஆண்டின் இறுதியில் டாக்காப் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே இயற்பியல் துறையை நடத்தியவர் சத்தியேந்திரநாத் போஸ். படிகங்கள் காந்தப் புலத்தில் திசைக்கேற்ப வேறு வேறாக நடந்துகொள்வதை நுட்பமாக அளக்கும் முறைகளைக் கிருஷ்ணன் வகுத்தார். அவை உலகெங்கும் எடுத்தாளப்பட்டன. 1933இல் கல்கத்தாக் கழகத்தில் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியரானார். 1940இல் இலண்டன் அரசவைக் கழகத்தின் உறுப்பினர். 1942இல் அலகாபாத்துப் பேராசிரியர். 1947இல் புதுதில்லித் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர். 1958இல் தொடங்கப்பட்ட பட்நாகர் பரிசின் முதல் பெறுநர். 1961இல் மறையும் வரையில் தமிழையும் வடமொழியையும் அவர் கைவிடவில்லை. அறிவியலைத் தமிழில் எழுதவும் பேசவும் முடியும் என்று செய்து காட்டியவர்களுள் அவர் முன்னோடி. நம் அவையில் அவருக்கு ஓர் இருக்கை உரியது.

மறுக்கப்பட்ட பட்டம்

இராமன் 1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்தார். 1940இல் அவருடைய கூடத்தில் ஒரு பெண் சேர்ந்தார். பெயர் அன்னா மாணி. திருவிதாங்கூர் மலைப்பகுதியான பீருமேட்டில் 1918இல் பிறந்தவர். எட்டாம் பிறந்தநாளுக்கு வைரத்தோடு தர முன்வந்த பெற்றோரிடம், தோடு வேண்டாம், கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கேட்ட சிறுமி. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று 1939இல் சிறப்புநிலைப் பட்டம் பெற்றவர்.

இராமன் கூடத்தில் அவருக்கு இடப்பட்ட பணி, வைரங்களும் மாணிக்கங்களும் ஒளியை எவ்வாறு உட்கொண்டு உமிழ்கின்றன என்று ஆராய்வது. வைரத்தோட்டை வேண்டாமென்ற பெண் வைரங்களோடேயே ஐந்தாண்டுகள் வாழ்ந்தார் என்பது வரலாற்றின் குறும்பு. ஒளிப்படத் தகட்டில் ஒரு நிறமாலை பதிய 15 முதல் 20 மணி நேரம் வரை ஆகும்; பல இரவுகள் கூடத்திலேயே உறங்கினார். தனியொருவராக ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1945 ஆகஸ்டில் தம் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்தார். அவரிடம் முதுநிலைப் பட்டம் இல்லை என்பதைக் காரணமாகக் காட்டி முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. சிறப்புநிலைப் பட்டத்தின் பேரில்தான் அவருக்கு ஆய்வு உதவித்தொகையே கிடைத்திருந்தது என்ற வாதம் எடுபடவில்லை.

அன்னா மாணி அதன் பின் இங்கிலாந்து சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிய பயிற்சி பெற்றார். 1948இல் திரும்பி இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். அயல்நாட்டிலிருந்து வரவழைத்த மழைமானியும் வெப்பமானியும் இந்நாட்டிலேயே செய்யப்பட வேண்டும் என்று உழைத்தார். கதிரவன் ஒளி நாட்டின் எந்த ஊரில் எவ்வளவு விழுகிறது என்பதை அளக்கும் நிலையங்களை அமைத்தார். 1980இலும் 1981இலும் அவர் வெளியிட்ட கதிரொளித் தரவு நூல்கள் இன்று கூரை தோறும் ஏறும் சூரிய மின்தகடுகளுக்கு அடிப்படையாயின. துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து 1976இல் ஓய்வு பெற்றார், 2001இல் மறைந்தார். முனைவர் பட்டம் இறுதி வரை அவருக்குக் கிடைக்கவில்லை. பட்டம் இல்லாமலும் ஆய்வு நிற்கும் என்று இதிலிருந்து ஆறுதல் கொள்வது எளிது. ஆயினும் தகுதி இருந்தும் ஒரு விதியின் வரியால் கதவு சாத்தப்பட்டது என்பதே இதில் நாம் காண வேண்டிய உண்மை. இன்றும் மலைநாட்டு மாணவருக்கு முன் சாத்தப்படும் கதவுகள் பெரும்பாலும் இத்தகையவையே: சான்றிதழ், விண்ணப்பத்தின் கடைசி நாள், கேள்விப்படாத ஒரு தேர்வின் பெயர்.

ஒரு வீட்டு மாடியின் கதை

1928இல் ஜெர்மானிய அறிஞர் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் அவரைத் தேடிச் சென்று, தாம் அவருடைய நூலைக் கற்றிருப்பதாகப் பெருமையோடு சொன்னார். அந்நூலில் உள்ள இயற்பியல் பழையதாகிவிட்டது, அணுவைப் பற்றிய கொள்கையே மாறிவிட்டது என்று சோமர்ஃபெல்ட் விளக்கி, தம்முடைய புதிய கட்டுரையைக் கொடுத்தார். அம்மாணவர் இராமனின் அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர். அந்த ஒரு சந்திப்பே அவரைப் புதிய இயற்பியலுக்குள் தள்ளியது. 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்லும்போது, ஒரு குறிப்பிட்ட நிறைக்கு மேற்பட்ட விண்மீன் தன் இறுதிக் காலத்தில் வெள்ளைக் குள்ளனாக அமைதி அடைய முடியாது என்று கணக்கிட்டார். 1935இல் அக்கால வானியலின் பெருந்தலைவர் எடிங்டன் அதைப் பேரவையில் எள்ளி நகையாடினார். சந்திரசேகருக்கு நோபல் பரிசு வந்தது 1983இல். கணக்கிட்டபோது வயது 19. பரிசு பெற்றபோது 73.

இதே சந்திரசேகர் 1962 ஜனவரி 3ஆம் நாள் சென்னையில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கி வைத்தார். கணித அறிவியல் நிறுவனம் என்னும் அது இன்று தரமணியில் தலைசிறந்து விளங்குகிறது. அதன் தோற்றக் கதை நமக்கு உரியது. அரசியலமைப்பை வரைந்த குழுவில் இருந்த சர் அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயரின் மகன் அல்லாடி இராமகிருஷ்ணன், அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரத்து உயராய்வு நிறுவனத்தில் 1957-58இல் தங்கித் திரும்பிய பின், மயிலாப்பூரில் ‘ஏகாம்ர நிவாஸ்’ என்னும் தம் வீட்டிலேயே மாணவர்களைக் கூட்டிக் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு நடத்தத் தொடங்கினார். பலகையும் சுண்ணக்கட்டியும் நாற்காலிகளுமே கருவிகள். அயல்நாட்டு அறிஞர்கள் சென்னை வழியே சென்றால் அவ்வீட்டுக்கு வந்து பேசினர். 1960 ஜனவரியில் நீல்ஸ் போர் என்னும் மாமேதையே வந்தார். இந்நாட்டில் தம்மைக் கவர்ந்தவற்றுள் ஒன்றாக அந்தச் சிறு குழுவை அவர் குறிப்பிட்டுச் சொல்ல, அன்றைய மாநில அமைச்சர் சி. சுப்பிரமணியமும் தலைமையமைச்சர் நேருவும் கவனம் செலுத்தினர், நிறுவனம் எழுந்தது.

கல்கத்தாவில் நன்கொடைக் கழகம், கிறித்தவக் கல்லூரியில் உணவு வேளை அவை, மயிலாப்பூரில் வீட்டுக் கருத்தரங்கு. மூன்றும் வட்டங்களே. அரசாணைக்கு முன்பே, பதவிக்கு முன்பே, கூடிப் பேசும் ஆர்வலர்கள் இருந்தனர். நம் இலக்கிய வட்டமும் அப்படித் தொடங்கியதே.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இராமனின் தந்தை கணக்கும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். சந்திரசேகருக்கு வீட்டிலேயே கல்வி கிடைத்தது. அல்லாடி வீட்டில் கருத்தரங்கு நடத்த இடம் இருந்தது. அன்னா மாணியின் பெற்றோர் வைரத்தோடு வாங்கக்கூடியவர்கள். உழவர் மகனான கிருஷ்ணனின் வீட்டிலும் நூல்கள் இருந்தன. இவர்கள் அறிவால் உயர்ந்தவர்களே. எனினும் அந்த அறிவுக்குக் காற்றும் ஒளியும் முன்னமே வாய்த்திருந்தன. சாமையும் தினையும் மிளகும் விளைவித்து வாழும் நம் மலைக்குடும்பங்களில் அவற்றை யார் தருவது?

மலைகள் ஈந்த வானம்

இக்கேள்விக்கு முன் இன்னொரு வரலாற்றையும் நோக்க வேண்டும். தமிழகத்தின் இயற்பியல் ஆய்வு மலைகளுக்குப் பெரிதும் கடன்பட்டது.

1876ஆம் ஆண்டு தொடங்கிய தாது வருடப் பஞ்சத்துக்குப் பின், மழை பொய்ப்பதற்கும் கதிரவனில் நிகழும் மாறுதல்களுக்கும் தொடர்பு உண்டா என்று அறியும் விருப்பம் எழுந்தது. கிறித்தவக் கல்லூரி இயற்பியல் பேராசிரியராயிருந்த மிச்சி ஸ்மித் பழனி மலையிலும் நீலகிரியிலும் இடம் தேடி ஆராய்ந்தார். கொடைக்கானலில் 1899இல் கதிரவன் ஆய்வகம் அமைந்தது. 1909இல் எவர்ஷெட் என்பவர் அங்கே, கதிரவப் புள்ளிகளில் வளிமம் நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பாய்வதைக் கண்டறிந்தார். அது அவர் பெயராலேயே வழங்குகிறது. நூறாண்டுகளுக்கும் மேலாக அங்கே எடுக்கப்பட்ட கதிரவனின் ஒளிப்படங்கள் உலகின் அரிய கருவூலங்களுள் ஒன்று.

உதகையை அடுத்த முத்தோரையில் 1970இல் கோவிந்த் சுவரூப் தலைமையில் வானொலித் தொலைநோக்கி எழுந்தது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதை அங்கே அமைத்ததற்குக் காரணம் அம்மலைச்சரிவின் சாய்வு. உதகை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் உள்ளது. சரிவின் சாய்வும் ஏறத்தாழ 11 பாகை. ஆகவே சரிவிலேயே கிடத்திய கருவியின் அச்சு, புவியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. புவி சுழலச் சுழல, கருவியை ஒரே அச்சில் திருப்பினால் போதும். வானத்துப் பொருளைப் பல மணி நேரம் பின்தொடரலாம். பிறர் சமன் செய்ய நினைக்கும் சரிவையே கருவியாக்கிய நுண்ணறிவு இது. நம் கொல்லிமலையும் ஏறத்தாழ அதே 11 பாகையில் உள்ளது என்பதை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

நமக்கு இன்னும் நெருங்கியது ஜவ்வாது மலை. கொல்லி, பச்சை, கல்வராயன், சேர்வராயன் மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினரே அங்கும் வாழ்கின்றனர். 1960இல் கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநரான வைணு பாப்பு, இரவு வானம் தெளிந்த இடத்தைத் தேடி அம்மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தார். நகர விளக்குகள் இல்லை. தென் வானத்தின் பெரும்பகுதி தெரியும். கொடைக்கானல் பட்டறையிலேயே செய்யப்பட்ட 38 சென்டிமீட்டர்த் தொலைநோக்கி 1968இல் அங்கே இயங்கத் தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர்த் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துச் சென்றபோது, கோள் வருமுன்பே விண்மீன் ஒளி மங்கி மீண்டதை உலகின் சில இடங்களில் கண்டனர். காவலூரும் அவற்றுள் ஒன்று. யுரேனசுக்கு வளையங்கள் உண்டென்பது அவ்வாறு தெரிய வந்தது. 1988இல் காவலூரிலிருந்து இராஜமோகன் கண்டுபிடித்த சிறுகோளுக்குக் கணித மேதை இராமானுஜன் பெயர் சூட்டப்பட்டது.

இந்நாட்டிலேயே 2.34 மீட்டர்த் தொலைநோக்கி ஒன்றை உருவாக்க வேண்டும் என்பது பாப்புவின் கனவு. அது நிறைவேறுமுன் 1982இல் அவர் மறைந்தார். 1986 ஜனவரி 6ஆம் நாள் அத்தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்கித் திறக்கப்பட்டது.

மலைகள் இவ்வாறு இயற்பியலுக்குச் சரிவைத் தந்தன, இருளைத் தந்தன, தெளிந்த காற்றைத் தந்தன. இயற்பியல் மலைமக்களுக்குத் திருப்பித் தந்தது என்ன? தொலைநோக்கிக் கூடத்தின் குவிமாடத்தை அண்ணாந்து பார்த்து வளர்ந்த பிள்ளை, அதனுள்ளே ஆய்வாளனாக நுழையும் நாளே அக்கடன் தீரும் நாள்.

இன்றைய வழி

அந்த வழி இன்று அடைபட்டதன்று, ஆனால் நீண்டது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் இளநிலை மூன்றாண்டு, முதுநிலை இரண்டாண்டு, முனைவர் பட்டத்துக்கு ஐந்தாண்டு அல்லது அதற்கு மேல்; அதன் பின்னும் நிலையான பணி கிடைக்கும் வரை முனைவர்க்குப் பிந்தைய ஆய்வு. ஏறத்தாழ முப்பது வயது வரை மாணவ வாழ்க்கை. மலையிலிருந்து இறங்கினால் நாமக்கல்லிலும் இராசிபுரத்திலும் அரசு கலைக் கல்லூரிகள் உண்டு. சேலத்தில் 1997இல் தோன்றிய பெரியார் பல்கலைக்கழகம் உண்டு. அங்கே தொடங்கி, ‘ஜாம்’, ‘ஜெஸ்ட்’, ‘கேட்’, ‘நெட்’ முதலிய தேர்வுகளின் வழியே பெங்களூர் அறிவியல் கழகத்தையும், மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தையும், சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தையும் எட்டலாம்.

பெற்றோர் கேட்கும் கேள்விக்கும் ஓரளவு விடை உண்டு. ஆய்வு மாணவர் இன்று கைப்பொருள் செலவிட்டுப் படிப்பவரல்லர். நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயும், இரண்டாண்டுகளுக்குப் பின் 42,000 ரூபாயும் என உதவித்தொகை உயர்த்தப்பட்டது. பழங்குடி மாணவர்க்கென நடுவணரசின் தேசிய உதவித்தொகை ஆண்டுக்கு 750 பேருக்கு உண்டு. கணக்காயர் வேலைக்குப் பின் இரவில் ஆய்வு செய்த இராமனின் காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். எனினும் இத்தொகை வருவது முதுநிலைக்குப் பிறகே. அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில்தான் பெரும்பாலோர் வழியிலேயே நின்றுவிடுகின்றனர். தேர்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைவதும், தமிழில் கற்ற பிள்ளைக்கு மேலும் ஒரு கொண்டை ஊசி வளைவு.

வட்டத்தின் கடமை

இலக்கிய வட்டத்தால் உதவித்தொகை வழங்க இயலாது. தொலைநோக்கி நிலையம் கட்டவும் இயலாது. ஆனால் கிருஷ்ணன் உணவு வேளையில் செய்ததைச் செய்ய இயலும். மாதம் ஒரு மாலை, செம்மேட்டிலோ குண்டனி நாட்டின் ஒரு பள்ளி முற்றத்திலோ, பிள்ளைகள் எதையும் கேட்கலாம் என்று ஓர் அவை கூட்டலாம். விடை தெரிந்தவர்தாம் நடத்த வேண்டும் என்பதில்லை. கேள்வியை எழுதி வைத்து, கல்லூரிப் பேராசிரியரிடம் அனுப்பி, அடுத்த மாதம் விடை பெற்று வந்து படிக்கலாம். எந்தத் தேர்வுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டலாம். அன்னா மாணியின் முன் சாத்தப்பட்டது போன்ற கதவுகளில் சிலவற்றையேனும் அந்தத் தாள் திறக்கும்.

கருவி இல்லையே என்று கவலை வேண்டா. கையே கருவி. முகிலற்ற இரவில், வடக்கே மரமும் குன்றும் மறைக்காத ஒரு மேட்டில் நின்று, கையை முன்னே நீட்டி முட்டியை மடக்கினால், அம்முட்டியின் அகலம் வானத்தில் ஏறத்தாழ 10 பாகை. அடிவானத்தின் மேல் ஒரு முட்டியும் சற்று மிகுதியுமான உயரத்தில் மங்கலாக ஒரு மீன் நிற்கும். அது துருவ மீன். அதன் உயரமே அவ்வூரின் அட்சப் பாகை. குண்டனி நாட்டுப் பிள்ளை தன் கையால் தன் ஊர் உலக உருண்டையில் எங்கே உள்ளது என்று அளந்துவிட்டான். உதகைச் சரிவில் பெருங்கருவி எந்த 11 பாகையை நம்பிக் கிடக்கிறதோ, அதே 11 பாகையை.

நம் கவிஞர்களுக்கும் இதில் பணி உண்டு. சிதறல், நிறமாலை, அட்சப் பாகை என்னும் சொற்கள் பாடநூலில் மட்டும் இருக்கும் வரை அவை பிள்ளைகளுக்கு அயலாகவே நிற்கும். அவை பாட்டிலும் பேச்சிலும் வரும் நாளில் உறவாகும். வன்பரணர் ஓரியின் அம்பை எண்ணிப் பாடியதால் நம் மலை இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தமிழில் வாழ்கிறது. பத்தாண்டு கண்ட நம் வட்டம் அடுத்த பத்தாண்டில், எண்ணிப் பார்க்கும் கண்ணுடைய ஒரு பிள்ளையையேனும் ஆய்வுக்கூடத்தின் வாசல் வரை அழைத்துச் சென்று விடுமாயின், இம்மலரின் பக்கங்களில் இக்கட்டுரை பெற்ற இடம் வீண் போகாது.